வன்னியில் வருமான வரி: எந்தப் படிவம், எந்தக் கழிவு, எந்தத் துண்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சியில் ஒரு சின்னக் கொமினிகேசனில் (போன், போட்டோக்கொப்பிக் கடையில்) இருந்து படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், காணி விண்ணப்பம் என்று போய்க்கொண்டிருந்த இடத்தில், இரண்டு மூன்று வருடமாக வரிக் கேள்விகளும் வரிசையில் வந்து நிற்கின்றன. வந்தவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். வேறு ஆண்டென்று சொல்லாத இடங்களில், கணக்குகள் 2025/2026 மதிப்பீட்டு ஆண்டுக்கு உரியவை. அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை.

தமிழில் தேடினால் படிவம் 16, ஐடிஆர்-1, 80சி என்று வருகிறதே. இதில் எனக்கு எது?

ஒன்றும் இல்லை. அவை எல்லாம் இந்தியாவின் படிவங்களும் சட்டப் பிரிவுகளும். தமிழில் வரி பற்றிப் பேசும் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் இருந்து வருவதால், முல்லைத்தீவில் இருந்து தேடினாலும் சென்னைக் கணக்காளர்தான் முன்னுக்கு வந்து நிற்பார். இரண்டு நாட்டிலும் வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'மதிப்பீட்டு ஆண்டு' என்றால் அங்கே வருமானம் உழைத்ததற்கு அடுத்த ஆண்டு. இங்கே உழைத்த அதே ஆண்டு. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு வந்து ஆண்டைப் பிழையாகப் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நமக்கு உரியது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதன் திருத்தங்களும்தான். படிவத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே எடுங்கள்.

ரின் இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டி வருமா?

வராது. ரின் என்பது வரி செலுத்துநர் அடையாள இலக்கம். 2024 ஜனவரி 1 முதல் 18 வயது வந்தவர்கள் பதிய வேண்டும் என்று அறிவித்தபோது ஊரெல்லாம் ஒரே பயம். அடையாள அட்டை எடுத்தால் சிறைக்குப் போக வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லையே, இதுவும் அப்படித்தான். இலக்கம் ஒன்று, வரி இன்னொன்று. வருமானம் எல்லைக்கு மேல் போனால் மட்டுமே வரி.

ரின் இல்லாவிட்டால்தான் நட்டம். ஏன் என்று வங்கி வட்டிக் கேள்வியில் சொல்கிறேன்.

எவ்வளவுக்கு மேல் வரி?

ஆண்டுக்கு 1,800,000 ரூபா தனிநபர் நிவாரணம். மாதம் பிரித்தால் 150,000. இதற்கு முன் அது 1,200,000 ஆக இருந்தது, 2025 ஏப்ரலில் கூட்டினார்கள். எல்லா வருமானத்தையும் கூட்டி அதிலிருந்து 18 இலட்சத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்கே வரி. மிச்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 வீதம் என்று ஏறும். அதற்கும் மேல் 36 வீதம்.

'36 வீதம்' என்ற சொல்லைக் கேட்டுத்தான் சனம் பயப்படுகிறது. கழிவு எல்லாம் போக மிச்சம் 25 இலட்சத்தைத் தாண்டியவருக்குத்தான் அந்தக் கதை.

சரி, எத்தனை படிவம் நிரப்ப வேண்டும்?

காணி விற்றதை விட்டால், தனி ஆளுக்கு ஒன்றுதான்: வருமான விவரத்திரட்டு. ஊழிய வருமானம், தொழில் வருமானம், முதலீட்டு வருமானம், ஏனைய வருமானம் என்று அதற்குள் தனித்தனிப் பகுதிகள் இருக்கும். வட்டியும் வாடகையும் முதலீட்டுக்குள் வரும். வயலும் கடையும் தொழிலுக்குள் வரும். சொத்து, கடன் விவரமும் கேட்பார்கள். உங்களுக்குப் பொருந்தாத பகுதி வெறுமையாகக் கிடந்தால் ஒன்றும் ஆகாது.

ஆகவே, 'எனக்கு எந்தப் படிவம்' என்று அலைய வேண்டாம். அலைய வேண்டியது துண்டுகளைத் தேடித்தான். சம்பளக்காரர் என்றால், சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி வேலை தருபவர் கொடுக்கும் ரி10 சான்றிதழ். வங்கியில் பணம் கிடந்தால் வட்டிக்கு வரி பிடித்த சான்றிதழ். வயல், கடை, படகு என்றால் சிட்டைகளும் ஒரு கொப்பியும். இவை மேசையில் இருந்தால் படிவம் நிரப்ப ஒரு மணித்தியாலம் போதும். இல்லாவிட்டால் மூன்று நாள் வந்தாலும் முடியாது.

நான் ஆசிரியை. சம்பளத்தில் மாதாமாதம் வரி போகிறது, வங்கியும் வட்டியில் பிடிக்கிறது. இரண்டு தடவை கட்டுகிறேனா?

இந்தக் கேள்வியைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சம்பளத்தில் போவது முற்பணத் தனிநபர் வருமான வரி. ஏபிஐரி என்பார்கள், பழையவர்கள் இன்னும் 'பே வரி' என்கிறார்கள். வங்கி பிடிப்பது முற்பண வருமான வரி, ஏஐரி. இரண்டிலும் 'முற்பணம்' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். கடைக்காரரிடம் முன்காசு கொடுத்துவிட்டு, கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அதைக் கழிக்கிறோமே, அதே முறைதான். கழிவு வேறு, வரவு வேறு. கழிவு வருமானத்தைக் குறைக்கும். வரவு வரியையே குறைக்கும். ஆயிரம் ரூபா கழிவு கிடைத்தால் 6 வீதக்காரருக்கு மிச்சம் 60 ரூபா. ஆயிரம் ரூபா வரவு கிடைத்தால் மிச்சம் ஆயிரம் ரூபா.

சம்பளம் மாதம் 165,000 ரூபா என்று வைப்போம். ஆண்டுக்கு 1,980,000. நிவாரணம் போக 180,000. அதற்கு 6 வீதம் 10,800, மாதம் 900 ரூபா. இது சம்பளத்திலேயே போய்விடும்.

அதோடு 10 இலட்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது, 8 வீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 80,000. வங்கி 10 வீதம், அதாவது 8,000 பிடித்துவிடும். (2025 மார்ச் வரை அது 5 வீதம்.)

இப்போது விவரத்திரட்டில் இரண்டையும் கூட்டுங்கள். மொத்தம் 2,060,000. நிவாரணம் போக 260,000. வரி 15,600. ஏற்கெனவே போனது 10,800 உடன் 8,000, மொத்தம் 18,800. ஆக, 3,200 ரூபா உங்கள் பக்கம் வர வேண்டும். விவரத்திரட்டு போடாவிட்டால் அந்தக் காசு அங்கேயே கிடக்கும், யாரும் வீடு தேடிக் கொண்டுவந்து தரப்போவதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. சம்பளம் கூடி 18 வீதப் படிக்கு ஏறியவருக்கு வங்கி பிடித்த 10 வீதம் போதாது. மிச்ச 8 வீதத்தை அவர்தான் கட்ட வேண்டும். 'வங்கி பிடித்துவிட்டது, முடிந்துவிட்டது' என்று இருக்க முடியாது.

சம்பளத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நானும் விவரத்திரட்டு போட வேண்டுமா?

சம்பளம் மட்டும்தான், ஏபிஐரியும் சரியாகப் போகிறது என்றால் பொதுவாகத் தேவையில்லை. திணைக்களம் கேட்டுக் கடிதம் அனுப்பினால், அல்லது கூடப் போன வரியைத் திருப்பிக் கேட்பதென்றால் போடுங்கள்.

எனக்கு வருமானமே வங்கி வட்டி மட்டும்தான். என்னிடமும் 10 வீதம் பிடிக்கிறார்களே.

இதற்குத்தான் ரின் வேண்டும். உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால், சுய பிரகடனம் என்ற படிவத்தை வங்கியில் கொடுக்கலாம். கொடுத்தால் வட்டியில் வரி பிடிக்க மாட்டார்கள். ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். புது வரி ஆண்டு பிறந்ததும் ஏப்ரலிலேயே வங்கிக்குப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வங்கியில் பணம் இருந்தால் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் எல்லாம் வெளியில் போய், வைப்பு வட்டியில் சீவிக்கும் அம்மாமார் வன்னியில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மாதம் நாலாயிரம் வட்டியில் நானூறு போவது அவர்களுக்குச் சின்ன விசயம் இல்லை. பக்கத்து வீட்டில் அப்படி ஒரு அம்மா இருந்தால், அடுத்த முறை நீங்கள் வங்கிக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓய்வூதியத்துக்கு வரி உண்டா?

அரசாங்க ஓய்வூதியத்துக்கு இல்லை. அதை வைப்பிலிட்டு வரும் வட்டிக்கு உண்டு.

வயலுக்கு வரி இல்லை என்றுதானே சொன்னார்கள்?

சொன்னது உண்மைதான், காலம் முடிந்துவிட்டது. விளைந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே விற்கும் விவசாயத்துக்கு 2019 ஏப்ரல் 1 முதல் ஐந்து ஆண்டு விலக்கு இருந்தது. 2024 மார்ச் 31 உடன் அது முடிந்தது. இரணைமடுக் குளத்தின் கீழ் செய்தாலும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் செய்தாலும், மானாவாரி என்றாலும், இப்போது நெல்லும் ஒரு தொழில் வருமானம்.

பயப்படாதீர்கள். வரி நெல் விற்ற காசுக்கு இல்லை, செலவு போன பிறகு நிற்கும் இலாபத்துக்கு. விதைநெல், பசளை, களைநாசினி, உழவுக்கூலி, வெட்டு மெசின் கூலி, டீசல், வேலையாட்களின் சம்பளம், சாக்கு, ஏற்றுக்கூலி, காணி குத்தகை எல்லாம் கழியும். விதைப்புக்கு எடுத்த கடனின் வட்டி கழியும், முதல் கழியாது. நகையை அடகு வைத்து விதைக்கிறவர்கள்தான் இங்கே அதிகம். அந்தக் காசு வயலுக்குப் போனது என்று காட்ட முடிந்தால் அடகு வட்டியும் செலவுதான், ஆகவே அடகுச் சிட்டையை எறியாதீர்கள். நீங்களும் பிள்ளைகளும் வயலில் இறங்கி முறிந்த உழைப்புக்கு ஒன்றும் கழிக்க முடியாது. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அது.

12 ஏக்கர் செய்கிறீர்கள், இரண்டு போகமும் சேர்த்து 2,600,000 ரூபாவுக்கு விற்றீர்கள், செலவு 1,500,000 என்று வைப்போம். இலாபம் 1,100,000. வேறு வருமானம் இல்லையென்றால் வரி இல்லை. அதே ஆளுக்கு ஒரு கடையும் இருந்து அதில் 900,000 இலாபம் வந்தால், மொத்தம் 20 இலட்சம். நிவாரணம் போக 2 இலட்சம். வரி 12,000. செலவு 15 இலட்சத்துக்குச் சிட்டை காட்ட முடியாமல் 10 இலட்சம்தான் ஏற்கப்பட்டது என்றால், வரி 42,000 ஆகிவிடும். 30,000 ரூபா வித்தியாசம், முழுக்கச் சிட்டை வைக்காத குற்றம்.

காலபோக நெல்லுக்கு இன்னொரு நுணுக்கம். அறுவடை வருவது வரி ஆண்டின் கடைசி மாதங்களில். காசு வரவு செலவுப்படி கணக்கு வைப்பவருக்கு, மார்ச்சில் விற்ற நெல் இந்த ஆண்டில் விழும், விலை ஏறட்டும் என்று வைத்திருந்து ஏப்ரலில் விற்றது அடுத்த ஆண்டில் விழும். விற்ற திகதியைக் கொப்பியில் எழுதுங்கள்.

யானையும் வெள்ளமும் சேர்ந்து இந்த முறை நட்டம். மனைவியின் சம்பளத்தில் அதைக் கழிக்கலாமா?

முடியாது. கணவனுக்கும் மனைவிக்கும் கணக்கு வேறு வேறு. உங்கள் சொந்தச் சம்பளத்தில் கூட தொழில் நட்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள். ஆனால் உங்கள் மற்றத் தொழில் வருமானத்திலும், வட்டி வாடகை போன்ற முதலீட்டு வருமானத்திலும் கழிக்கலாம். அப்படியும் மிஞ்சினால் அடுத்த ஆறு ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். நட்டம் என்று விட்டுவிடாமல் அந்த ஆண்டுக்கும் விவரத்திரட்டு போட வேண்டியது இதற்காகத்தான்.

ட்ரக்டர் வாங்கிய முழுக்காசையும் ஒரே ஆண்டில் செலவாகப் போடலாமா? படகு எஞ்சினை?

ஒரே ஆண்டில் போட முடியாது. இப்படியான இயந்திரங்களை ஐந்து ஆண்டுக்குச் சமமாகப் பிரித்துப் போட வேண்டும். 20 இலட்சத்துக்கு வாங்கிய உழவு மெசினுக்கு ஆண்டுக்கு 4 இலட்சம். மண்ணெண்ணெய், ஐஸ், திருத்த வேலை போன்றவை அந்தந்த ஆண்டுச் செலவு. கூலி உழவுக்கு ஓட்டி உழைத்தால் அந்த வருமானத்தையும் காட்ட வேண்டும். மெசினைக் கழிவில் போட்டுவிட்டுக் கூலியை மறைத்தால், பார்க்கிறவருக்கு உடனே விளங்கிவிடும்.

வவுனியாவில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

மொத்த வாடகையில் 25 வீதத்தைத் திருத்த வேலை, பராமரிப்புக்கென்று பேசாமல் கழிக்கலாம், சிட்டை கேட்கமாட்டார்கள். மாதம் 40,000 என்றால் ஆண்டுக்கு 480,000. அதில் 120,000 போக 360,000 கணக்கில் வரும்.

மாத வாடகை 100,000க்கு மேல் என்றால் வாடகை தரும் நிறுவனம் 10 வீதம் பிடித்துத்தான் தரும். அதற்கும் சான்றிதழ் கேளுங்கள், அது உங்கள் வரவு.

வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது: மருத்துவச் செலவு, பிள்ளையின் படிப்புச் செலவு, வீட்டுக்கடன் வட்டி எல்லாம் 12 இலட்சம் வரை கழிக்கலாமாம்.

பழைய பட்டியல். 2020 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை அப்படி ஒரு செலவு நிவாரணம் இருந்தது. இப்போது இல்லை. பட்டியல் மட்டும் சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மிச்சம் இருப்பவற்றில் இங்கே பயன்படக்கூடியது சூரிய மின்கலம். வீட்டில் பூட்டி, தேசிய மின்வலையமைப்போடு இணைத்திருந்தால் ஆண்டுக்கு 600,000 ரூபா வரை கழியும். வாங்கக் கடன் எடுத்திருந்தால் அந்தக் கடனுக்குக் கட்டியதும் சேரும். வயல் கொட்டிலில் ஒரு பற்றரியோடு வைத்த தட்டுக்கு இது பொருந்தாது. அதில் தண்ணீர் இறைத்து வயல் செய்தால், தொழில் இயந்திரமாக ஐந்து ஆண்டுக்குப் பிரித்துப் போடுங்கள்.

கோயிலுக்குக் கொடுத்த காசு?

அம்மாள் கணக்கில் சேரும், வரிக் கணக்கில் சேராது. அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனம் என்று அரசு அறிவித்த இடத்துக்குக் கொடுத்திருந்தால் மட்டும் கழிக்கலாம். அதுவும் வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒன்று, அல்லது 75,000 ரூபா, இதில் எது குறைவோ அதுதான்.

சுவிஸில் இருந்து மகன் மாதாமாதம் அனுப்புகிறான். அதற்கும் வரியா?

பெற்றோரின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பிள்ளை அனுப்புவது நீங்கள் உழைத்த வருமானம் இல்லை. அதை இங்கே வைப்பிலிட்டால் வரும் வட்டிதான் வருமானம். ஆனால் நீங்கள் இங்கிருந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினியில் வேலை செய்து உழைத்தால் கதை வேறு. 2025 ஏப்ரல் முதல் அதற்கும் வரி உண்டு. வங்கி வழியாகக் காசு வந்தால் கூடியது 15 வீதம். வங்கிச் சிட்டையை வைத்திருங்கள்.

தொண்டு நிறுவனத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தேன். 5 வீதம் பிடித்துவிட்டுத்தான் தந்தார்கள்.

சம்பளமாக இல்லாமல் சேவைக் கட்டணமாக மாதம் 100,000க்கு மேல் வாங்கினால் அப்படித்தான். மொழிபெயர்ப்பாளர், பொறியியலாளர், பயிற்சி நடத்துபவர் எல்லாருக்கும் இது வரும். இதுவும் முற்பணம், வரவு. வேலை முடிந்து அலுவலகம் மூடி வண்டி ஏற முன்னர் சான்றிதழை வாங்கிவிடுங்கள். திட்டம் முடிந்தால் ஆட்களே இருக்க மாட்டார்கள், யாரிடம் போய்க் கேட்பது?

காணி விற்றால்?

விற்றதில் வரும் இலாபத்துக்கு மூலதன நயம் என்று தனி வரி, தனி விவரத்திரட்டு. இந்த ஒன்றுக்கு மட்டும் நான் கணக்காளரிடம் அனுப்பிவிடுவேன். இரண்டு விசயம் தெரிந்திருங்கள். ஒன்று, தொடர்ந்து மூன்று ஆண்டு சொந்தமாக வைத்திருந்து, அதில் இரண்டு ஆண்டாவது நீங்களே குடியிருந்த வீடு என்றால் விலக்கு. மற்றது, 2017 செப்டெம்பர் 30 அன்று உங்களிடம் இருந்த காணிக்கு, அன்றைய சந்தை விலையையே வாங்கிய விலையாக எடுக்கலாம். 1980களில் சில ஆயிரத்துக்கு வாங்கிய காணி, உறுதி 2009இல் பெட்டியோடு போய்விட்டது என்று வருபவர்களுக்கு இது பெரிய உதவி. பழைய விலையைத் தேடி அலைய வேண்டாம், மதிப்பீட்டாளரின் அறிக்கை எடுத்தால் போதும்.

திகதிகள்?

2025/2026 விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் 2026 நவம்பர் 30. மிச்ச வரி கட்டக் கடைசி நாள் அதற்கு முன்னரே, செப்டெம்பர் 30. இதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள், நவம்பரில் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். தொழில்காரர் தவணையாகக் கட்ட வேண்டும்: ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. பிந்திக் கட்டினால் மாதம் 1.5 வீத வட்டி. விவரத்திரட்டைப் பிந்திப் போட்டால் தண்டம் 50,000 ரூபாவில் தொடங்கலாம், கூடியது 400,000.

துண்டுகளை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்?

ஐந்து ஆண்டு. வெப்பத்தில் அச்சடிக்கும் சிட்டைகள் நம் ஊர் வெயிலுக்கு ஆறு மாதத்தில் வெளிறிவிடும், ஆகவே வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுங்கள். என் சொந்தப் பாடம் இது: ஒரு வங்கிக் கிளையில் வரி பிடித்த சான்றிதழ் வாங்க நான்கு தடவை நடந்தேன். 'அடுத்த கிழமை வாங்கோ' என்றே அனுப்பினார்கள். கடைசியில் வாங்கிய துண்டை மோட்டார்சைக்கிள் இருக்கைக்குக் கீழ் வைத்தேன், மாரி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. இப்போது ஒரு பிளாஸ்ரிக் உறை, மேலே ஆண்டு எழுதி, அலுமாரிக்குள்.

நேரில் யாரிடம் கேட்பது?

திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஆனால் பஸ் ஏற முன்னர் 1944க்கு அழைத்துப் பாருங்கள், பாதிக் கேள்வி அதிலேயே தீரும். அழைக்கும்போது அடையாள அட்டையும் ரின் இலக்கமும் கையில் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு பேனையும்.